சொந்த சாட் செயலி: சர்வரை எழுதுவதா, எடுத்து வைத்துக்கொள்வதா?

சொந்தமாக ஒரு சாட் செயலி செய்யலாம் என்று உட்காருகிறவர்கள் முதலில் சண்டை போடுவது நோட்.ஜேஎஸ்ஸா, கோவா, எலிக்ஸிரா என்பதில்தான். எதில் எழுதினாலும் ஓடும். ஒரு பிரவுசரில் தட்டியது இன்னொரு பிரவுசரில் தெரிவதைக் காட்டிவிடுவது ஒரு மாலை வேலை. கஷ்டமெல்லாம் அதற்கு அப்புறம் வருகிறது. போன் பையில் தூங்கிக்கொண்டிருக்கும்போது வந்த செய்திக்கு எப்படி மணியடிக்கும்? இரண்டு நாள் கழித்து லேப்டாப்பைத் திறந்தால் விட்டுப்போனவை வரிசை குலையாமல் எப்படி வரும்? போன மாதம் யாரோ போட்ட வங்கிக் கணக்கு எண்ணை எப்படித் தேடி எடுப்பது? இந்த மூன்றுக்கும் யார் பொறுப்பு என்பதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

பேசுவதற்கு ஓர் அளவு வைத்துக்கொள்வோம். எண்பது பேர் இருக்கும் ஒரு கல்லூரித் துறை, அல்லது அதே அளவில் ஒரு கம்பெனி, ஒரு தன்னார்வக் குழு. மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ், அதாவது இணையத்தில் கிடைக்கும் மெய்நிகர் சர்வர். ஓய்வு நேரத்தில் பராமரிக்க ஒருவர், அவர் ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள இன்னொருவர். எழுத்து, படம், கோப்பு போதும். வீடியோ கால் வேண்டாம். மூலநிரல் திறந்ததாக இருக்க வேண்டும், தரவு நம் சர்வரிலேயே இருக்க வேண்டும்.

இதற்கு நான்கு வழி இருக்கிறது. முழுக்க நாமே எழுதலாம். எக்ஸ்எம்பிபி என்ற திறந்த செய்தி நெறிமுறைக்கான சர்வர் ஒன்றை நிறுவி அதன்மேல் நம் செயலியை மட்டும் கட்டலாம். அதையே மேட்ரிக்ஸ் என்ற இன்னொரு திறந்த நெறிமுறையில் செய்யலாம். ஸூலிப், மேட்டர்மோஸ்ட் மாதிரி முடிந்து தயாராக இருக்கும் ஒன்றை எடுத்து நமக்கேற்ப மாற்றலாம்.

ஐந்தாவதாக ஐஆர்சி என்ற பழைய சாட் நெறிமுறையை யாராவது சொல்வார்கள். 1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இன்றும் லிபெரா.சாட்டில் திறமூலக்காரர்கள் குடியிருப்பது அதில்தான், எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் 1993இல் வந்த அதன் தர ஆவணம் ஆர்எஃப்சி 1459 ஒரு செய்திக்கு வைத்த வரம்பு 512 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட் பிடிக்கும். ‘வணக்கம்’ என்று சொல்வதற்கே 21 பைட் போய்விடுகிறது. அனுப்புநர் பெயரும் குழுப் பெயரும் போக மிஞ்சுவது ஏறக்குறைய 150 குறிகளுக்குத்தான். ஆங்கிலத்தில் ஒரு பத்தி போகும் இடத்தில் தமிழில் ஒரு வாக்கியம் நடுவில் வெட்டுப்படும். எர்கோ போன்ற புதிய சர்வர்கள் பழைய செய்திகளைச் சேமித்துத் தருகின்றன, ஆனாலும் போனில் வாழ்கிற எண்பது பேரை இதில் உட்காரவைக்க முடியாது. விட்டுவிடலாம்.

நாமே எழுதினால்

இதன் அழகு, சர்வர் சின்னதாக இருக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நாலைந்து டேபிள், பிரவுசரோடு திறந்தே இருக்கும் ஒரு வெப்சாக்கெட் இணைப்பு, கோப்புகளுக்கு ஒரு டைரக்டரி. எண்பது பேர் ஒரே நேரத்தில் தட்டினாலும் எந்த மொழியும் திணறாது. வேறு சர்வர்களோடு பேச வேண்டிய கட்டாயம் இல்லை என்று முடிவு செய்துவிட்டால் பாதிச் சிக்கல் பிறக்கவே பிறக்காது. மேட்ரிக்ஸ்காரர்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் அந்தப் பாதிக்காகத்தான்.

மிச்சப் பாதியில் பள்ளங்கள் உண்டு. ஒன்றை மட்டும் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு செய்திக்கும் டேட்டாபேஸ் தானாகக் கூட்டிக்கொண்டு போகும் எண்ணை ஐடியாக வைக்கிறோம். இணைப்பு அறுந்து திரும்பி வரும் போன், ‘என்னிடம் 105 வரை இருக்கிறது, அதற்கு மேல் கொடு’ என்று கேட்கும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் போஸ்ட்கிரெஸ் அந்த எண்ணைக் கொடுப்பது செய்தியை எழுதத் தொடங்கும்போது. மற்றவர்களுக்கு அந்தச் செய்தி தெரிவதோ கமிட் ஆன, அதாவது எழுதி உறுதியான, பிறகு. 104ஐ வாங்கிய டிரான்சாக்‌ஷன் கொஞ்சம் தாமதமாகி 105 முந்திக்கொண்டது என்று வையுங்கள். அந்த இடைவெளியில் கேட்ட போன் 105ஐ வாங்கிக்கொண்டு போய்விடும். 104 பின்னால் வந்து சேர்ந்தாலும் அந்த போன் அதை இனிக் கேட்கவே கேட்காது. சோதனையில் இது அகப்படுவது அபூர்வம். ஒரு நாள் ஒருவர் ‘நான் அனுப்பினேனே’ என்பார், இன்னொருவர் ‘எனக்கு வரவே இல்லையே’ என்பார், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். தீர்வு என்னவோ எளிதுதான்: ஒவ்வொரு குழுவுக்கும் தனி எண் வைத்து, அந்தக் குழுவின் வரியைப் பூட்டி, எண்ணை ஒன்று கூட்டி, அதே டிரான்சாக்‌ஷனில் செய்தியையும் எழுதிவிட வேண்டும். ஒரு குழுவுக்குள் ஒரு நேரத்தில் ஒரு செய்திதான் எழுதப்படும். நம் அளவுக்கு அது உறைக்காது.

இதே ரகத்தில் இன்னும் இருக்கின்றன. செய்தி போய்விட்டது, ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்தது. போன் திரும்ப அனுப்ப, குழுவில் இரண்டு முறை விழுகிறது. அதனால் போனே ஓர் ஐடி போட்டு அனுப்ப வேண்டும், சர்வர் அதை வைத்து இரட்டையைத் தள்ள வேண்டும். என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் முன்னால் நின்றால், 60 விநாடி பேச்சில்லாத இணைப்பை அது தானாகவே மூடிவிடும். நடுநடுவே பிங் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். செய்தியைத் திருத்துவது, அழிப்பது, எமோஜி போடுவது எல்லாமே அதே வரிசை எண்ணுக்குள் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நாள் அணைந்திருந்த லேப்டாப்பில் அழித்த செய்தி உயிரோடு இருக்கும். ஒவ்வொன்றும் தனியே எடுத்தால் சின்ன வேலை. சேர்ந்து வரும்போது ஓய்வு நேரம் எல்லாவற்றையும் தின்றுவிடும்.

மணியடிப்பது யார்

என்னைக் கேட்டால், எல்லைக்கோடு இங்கேதான். ஐபோனில் பின்னணியில் இருக்கும் சாட் செயலி தன் இணைப்பைத் திறந்து வைத்திருக்க முடியாது. ஆப்பிளின் புஷ் சேவை வழியாகத்தான் எழுப்ப வேண்டும், அதற்கான சாவி அந்தச் செயலியை ஆப் ஸ்டோரில் போட்டவரிடம் மட்டுமே இருக்கும். ஆகவே சர்வர் நம்முடையதாக இருந்தாலும், ஸ்டோரில் கிடைக்கும் அடுத்தவர் செயலியைப் பயன்படுத்தினால், ‘புதுச் செய்தி வந்திருக்கிறது’ என்ற தகவல் அவருடைய கேட்வே, அதாவது இடைச் சர்வர், வழியாகப் போகிறது. உள்ளடக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். யாருக்கு, எப்போது என்பது போகும். நம் பெயரில் செயலியைப் போட்டால் கேட்வேயும் நம்முடையது. அதற்கு ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர். கூகுள் பிளேயில் ஒரே முறை 25 டாலர்.

ஆண்ட்ராய்டில் கொஞ்சம் மூச்சு விடலாம். கூகுளின் புஷ் சேவையான எஃப்சிஎம் இல்லாமலேயே பின்னணி இணைப்பை வைத்துக்கொள்ள முடியும். கான்வர்சேஷன்ஸ் என்ற எக்ஸ்எம்பிபி செயலி வருடக்கணக்கில் அப்படித்தான் ஓடுகிறது. பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் இருப்பதையெல்லாம் கொல்லும் மலிவு போன்களில் மட்டும் ஒவ்வொருவரையும் பிடித்து செட்டிங்ஸை மாற்றிவிட வேண்டியிருக்கும். யூனிஃபைட்புஷ் என்ற திறந்த ஏற்பாடும் இருக்கிறது. என்டிஎஃப்ஒய் என்ற அறிவிப்பு சர்வரை நாமே வைத்து அதன் வழியே எழுப்பலாம்.

நாமே எழுதும் வழிக்கு இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2023 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 16.4இலிருந்து, முகப்புத் திரையில் சேர்த்த வலைச்செயலிக்கும் புஷ் அறிவிப்பு வருகிறது. அதற்கான சாவியை நம் சர்வரிலேயே உருவாக்கிக்கொள்ளலாம். ஸ்டோர் வேண்டாம், 99 டாலர் வேண்டாம். ‘ஷேர் பொத்தானை அழுத்தி முகப்பில் சேருங்கள்’ என்று எண்பது பேருக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமை இருந்தால் போதும். இது வந்த பிறகுதான் தனியாக எழுதுவதைப் பற்றி நான் கொஞ்சமாவது நல்ல வார்த்தை சொல்கிறேன்.

எக்ஸ்எம்பிபி: பழசு என்பதே பலம்

1999இல் ஜெரமி மில்லர் ஜாபர் என்ற பெயரில் வெளியிட்டது. 2004இல் ஆர்எஃப்சி ஆயிற்று, 2011இல் திருத்தி எழுதப்பட்டது. கூகுள் டாக் 2005இல் இதில்தான் தொடங்கியது. 2013இல் ஹேங்அவுட்ஸ் வந்தபோது கூகுள் இதைவிட்டு விலகத் தொடங்கியது, அன்றிலிருந்து ‘எக்ஸ்எம்பிபி செத்துவிட்டது’ என்று சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. வாட்ஸ்அப் ஈஜாபர்டி என்ற எக்ஸ்எம்பிபி சர்வரை எடுத்து மாற்றித்தான் வளர்ந்தது என்பதை அந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை.

நெறிமுறையோடு சேர்க்கும், எண் போட்ட நீட்சிகளின் பட்டியலைப் பார்த்தால் மயக்கம் வரும், நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நமக்கு வேண்டியது அரை டஜன்: குழுவுக்கு 0045, பழைய செய்திக்கு 0313, ஒரே ஆளின் பல கருவிகளுக்கும் நகல் போக 0280, இணைப்பு அறுந்து ஒட்டும்போது எதுவும் தொலையாமலிருக்க 0198, கோப்புக்கு 0363, புஷ்ஷுக்கு 0357. மேலே சொன்ன 104, 105 கதைக்கான விடை 0313இலும் 0198இலும் ஏற்கனவே எழுதி, பல வருடம் அடிபட்டு, தேறி நிற்கிறது. லுவாவில் எழுதிய ப்ராஸடி சர்வர் நம் எண்பது பேரைச் சில பத்து எம்பி நினைவகத்திலேயே தாங்கும். இருப்பதிலேயே மலிவான விபிஎஸ் போதும். ப்ராஸடியின் உரிமம் எம்ஐடி, ஈஜாபர்டியுடையது ஜிபிஎல்.

ஆக, சர்வர் கிடைத்துவிட்டது; நம் உழைப்பு முழுவதையும் திரையில் கொட்டலாம். வலைக்கு கான்வெர்ஸ்.ஜேஎஸ் என்ற எக்ஸ்எம்பிபி வலைச்செயலியை எடுத்துத் தோலை மாற்றலாம். ஆண்ட்ராய்டுக்கு கான்வர்சேஷன்ஸின் மூலநிரலை ஃபோர்க் செய்யலாம், அதாவது நகலெடுத்துத் தனியாக வளர்க்கலாம், ஜிபிஎல் என்பதால் நம்முடையதையும் திறந்து வைக்க வேண்டும், அதுதானே நம் எண்ணமும். இந்தியாவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது: கூட்டுறவுச் சங்கமாக நடத்தும் நோக்கத்தோடு தன்னார்வலர்கள் தொடங்கிய பிரவ் என்ற சாட் செயலி, கான்வர்சேஷன்ஸ் வழியில் வந்த குயிக்ஸியைத்தான் அடியாக வைத்திருக்கிறது. சர்வர் மென்பொருளைப் புதிதாக எழுத அவர்கள் இறங்கவில்லை.

குறை எங்கே என்றால், ஐபோனில். அங்கிருக்கும் எக்ஸ்எம்பிபி செயலி மோனல் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் வாட்ஸ்அப்பில் பழகிய விரலுக்கு அது கொஞ்சம் கரடுமுரடாகத் தெரியும். எமோஜி எதிர்வினை, பதில்-இழை மாதிரி விஷயங்களில் ஒரு செயலி காட்டுவதை இன்னொன்று காட்டாது. எல்லோரும் நம் செயலியையே பயன்படுத்தினால் இந்தத் தொல்லை குறையும். எந்தச் செயலியும் வரலாம் என்று திறந்துவிட்டால் கூடும். எக்ஸ்எம்எல்லைக் கண்டு முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று: லைப்ரரி இருக்கும்வரை அதை நீங்கள் பார்க்கவே போவதில்லை.

மேட்ரிக்ஸ்

2014இல் தொடங்கியது. எழுதிப் பார்க்க இதைவிடச் சுகமான ஏபிஐ (நிரல்கள் சர்வரோடு பேசும் வழி) கிடையாது, ஹெச்டிடிபியும் ஜேசனும்தான். கர்ல் கட்டளை ஒன்றிலேயே செய்தி அனுப்பிவிடலாம். ஒரு குழுவின் வரலாறு அதில் பங்கெடுக்கும் சர்வர்கள் எல்லாவற்றிலும் இருக்கும். எந்த ஒரு சர்வரும் அதற்குச் சொந்தக்காரர் இல்லை. பிரான்ஸ் அரசு 2019இல் தன் அலுவலர்களுக்குக் கொண்டுவந்த சாப் இதன்மேல்தான் நிற்கிறது, ஜெர்மன் ராணுவத்தின் செயலியும் அப்படியே. பல அமைச்சகம், பல சர்வர், ஒருவரை ஒருவர் முழுதாக நம்பத் தேவையில்லை என்ற நிலைமைக்கு இது பொருந்துகிறது.

நமக்கு இருப்பது ஒரே சர்வர். நாலு பேர் வீட்டுச் சமையலுக்குக் கல்யாண அண்டாவை ஏற்றுவது மாதிரி இது. மேட்ரிக்ஸின் சினாப்ஸ் சர்வரும் போஸ்ட்கிரெஸும் சேர்ந்து சும்மா இருக்கும்போதே சில நூறு எம்பியைப் பிடித்துக்கொள்ளும். யாராவது ஓர் ஆள் வெளியிலிருக்கும் பெரிய பொதுக் குழுவில் சேர்ந்துவிட்டால் அந்தக் குழுவின் நிலவரம் முழுதும் நம் டேட்டாபேஸில் வந்து இறங்கும். ஃபெடரேஷனை, அதாவது வெளிச் சர்வர்களோடு பேசுவதை, அணைத்துவிடலாம். அணைத்துவிட்டால் மேட்ரிக்ஸுக்கு வந்த காரணமே போய்விடுகிறது.

பேசுகிறவர்களைத் தவிர சர்வரும் படிக்க முடியாத எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் இங்கே ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறது, தனிப்பட்ட குழுக்களுக்கு மேட்ரிக்ஸ் செயலியான எலிமென்ட் அதைத் தானாகவே போட்டுவிடும். அதன் விலை நிர்வாகியின் தலையில் விழும். போன் மாற்றியவர், மீட்புச் சாவியை எங்கோ எழுதி வைத்தவர், எழுதி வைக்காதவர் எல்லோரும் ‘பழைய செய்தி திறக்கவில்லை’ என்று நம்மிடம்தான் வருவார்கள், நம்மாலும் திறக்க முடியாது. அப்படித் திறக்க முடியாமலிருப்பதுதான் அதன் நோக்கமே. பத்திரிகையாளர்களுக்கோ வழக்கறிஞர்களுக்கோ செய்கிறீர்கள் என்றால் இந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். செமினார் நேரம் மாறியதைச் சொல்லும் துறைக் குழுவுக்கு, சர்வர் நம் கையில் இருக்கும்போது, இணைப்பைப் பூட்டும் டிஎல்எஸ்ஸும் வட்டு என்கிரிப்ஷனும் போதும் என்பேன். இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.

இன்னும் இரண்டு தகவல். 2023 கடைசியில் சினாப்ஸ் அப்பாச்சி உரிமத்திலிருந்து ஏஜிபிஎல்லுக்கு மாறியது. அதை மாற்றி ஓட்டினால், பயன்படுத்துகிறவர்களுக்கு மூலநிரலைத் தர வேண்டும். அதே வருடம் மே மாதம் இந்திய அரசு தடை செய்த 14 செயலிகளில் எலிமென்ட்டும் பிரையரும் இருந்தன. தடைப் பட்டியலில் ஏறியது செயலியின் பெயர், நெறிமுறையின் பெயர் இல்லை. ஃப்ளஃபிசாட் போன்ற வேறு செயலிகளும் அதே சர்வரோடு பேசும். எக்ஸ்எம்பிபிக்கும் இந்த வசதி உண்டு. நாமே எழுதிய சாட்டுக்கு இந்த மாற்று வழி கிடையாது.

தயாராக இருப்பவை

ஸூலிப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 2012இல் தொடங்கி, 2014இல் டிராப்பாக்ஸ் வாங்கி, 2015இல் திறமூலமாக வெளிவந்தது, உரிமம் அப்பாச்சி. ஒவ்வொரு பேச்சையும் ஒரு தலைப்பின் கீழ் வைப்பது என்ற ஒரே முடிவால் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. காலையில் வந்து ‘ஆய்வக அட்டவணை’யை மட்டும் படித்துவிட்டு மற்றதைத் தள்ளிவிடலாம். பதிலுக்கு அது கேட்பது குறைந்தது 2 ஜிபி நினைவகம், உள்ளே ஜாங்கோ, டொர்னாடோ, போஸ்ட்கிரெஸ், ரேபிட்எம்க்யூ, ரெடிஸ், மெம்கேஷ்டு என்று ஒரு பட்டாளம். ஓட்டுவது எளிது, நிறுவும் ஸ்கிரிப்ட் அருமை. உள்ளே கைவைத்து மாற்றுவது எளிதில்லை; மாற்றிய பிறகு ஒவ்வொரு புதிய பதிப்போடும் நம் மாற்றத்தை இணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். போன் அறிவிப்பு அவர்கள் சேவை வழியாகத்தான் போகும், அதற்கு அவர்கள் திட்ட வரம்புகள் பொருந்தும்.

மேட்டர்மோஸ்ட்டும் ராக்கெட்.சாட்டும் ஸ்லாக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். இரண்டிலும் ஒரு பகுதி திறந்தது, ஒரு பகுதி பணம் கட்டினால் திறப்பது. எந்த வசதி எந்தப் பக்கம் என்பதை அந்த நிறுவனம்தான் தீர்மானிக்கும், அதை மாற்றவும் செய்யும். நமக்கு வேண்டிய ஒரே வசதி நாளை வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ராக்கெட்.சாட்டை எடுத்தால் மோங்கோடிபியையும் சேர்த்து வளர்க்க வேண்டும். இந்த அளவுக்கு நான் இரண்டையும் எடுக்க மாட்டேன்.

தமிழில் தேடினால்

இதை யாரும் ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை, அதனால் கொஞ்சம் நிற்கிறேன். ‘கூட்டம்’ என்று தேடுகிறோம். செய்தியில் இருப்பது ‘கூட்டத்தில்’, ‘கூட்டத்துக்கு’. நிறைய சர்வர்களில் கிடைக்காது. சினாப்ஸ் தேடலுக்கு ஆங்கில அமைப்பையே போஸ்ட்கிரெஸுக்குக் கொடுக்கிறது. என்கிரிப்ட் செய்த குழு என்றால் சர்வரால் தேடவே முடியாது. ஸூலிப்பும் இயல்பாக ஆங்கிலம்தான், ஆனால் பிஜிகுரூங்கா என்ற போஸ்ட்கிரெஸ் தேடல் நீட்சியைச் சேர்த்து எல்லா மொழிக்கும் வழி செய்யலாம்.

நாமே எழுதினால் கையில் ஒரு சாமான் இருக்கிறது: போஸ்ட்கிரெஸ் 12இலிருந்து தமிழுக்கான ஸ்டெம்மர், அதாவது சொல்லின் விகுதியை வெட்டி அடிச்சொல்லை எடுக்கும் கருவி, உள்ளேயே வருகிறது. எல்லா வேற்றுமை உருபையும் பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில லட்சம் செய்திகள் வரைக்கும் ‘கூட்ட’ என்ற துண்டை லைக் கட்டளையால் நேராகத் தேடினாலே சடுதியில் வந்துவிடும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பைத்தானில் எழுதுகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமொழி) ‘சொல் எழுத்து’ என்ற குறி உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. ‘தமிழ்’ என்ற சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாகும். பயனர் பெயரைச் சரிபார்க்கவும், ஆளைக் குறிப்பிட்டு அழைப்பதைப் பிரிக்கவும் அதையே வைத்தால், தமிழில் பெயர் வைத்தவரை யாரும் கூப்பிட முடியாது.

எண்பது பேருக்கு என்னிடம் கேட்டால்

வெளியில் யாரோடும் பேச வேண்டாம், ஏற்கனவே ஒரு வலைத்தளம் இருக்கிறது, அதற்குள் சாட் ஒரு மூலையில் வந்தால் போதும் என்றால், நாமே எழுதலாம்; வலைச்செயலி, வெப் புஷ், குழுவுக்கொரு எண் என்ற அளவோடு நிறுத்தினால். வேலை ஓட வேண்டும், செயலி எழுதும் ஆசையே கிடையாது என்றால் ஸூலிப்பை நிறுவிவிட்டு ஒரு வரியும் மாற்றாமல் விட்டுவிடுங்கள். வேறு வேறு நிறுவனங்கள், ஆளுக்கொரு சர்வர், ரகசியம் முக்கியம் என்றால் மேட்ரிக்ஸ்.

நம் பெயரில், தமிழ் இடைமுகத்தோடு, வளர்த்துக்கொண்டு போகக்கூடிய ஒரு செயலி வேண்டும் என்பதுதான் எண்ணம் என்றால் ப்ராஸடியை வைத்து அதன்மேல் கட்டுங்கள். முதலில் கான்வெர்ஸ்.ஜேஎஸ்ஸைத் தமிழாக்கி வலையில் விடுங்கள், ஆண்ட்ராய்டுக்காரர்கள் இருக்கிற கான்வர்சேஷன்ஸையே போட்டுக்கொள்ளட்டும், ஃபோர்க் செய்வதை ஆறு மாதம் ஓடிய பிறகு யோசிக்கலாம். அதுவரை அந்தச் செயலிகளின் மூலத் திட்டங்களுக்கே நம் திருத்தங்களை அனுப்பினால் இணைக்கும் வேலையும் மிச்சம்.

நிறுவும் முன்பே முடிவு செய்ய வேண்டியது டொமைன் பெயர். எக்ஸ்எம்பிபியிலும் மேட்ரிக்ஸிலும் அது ஒவ்வொருவர் முகவரியின் வாலாக ஒட்டிக்கொள்ளும், மின்னஞ்சல் மாதிரிதான். சினாப்ஸில் ஒரு முறை வைத்த சர்வர் பெயரை மாற்ற வழியே கிடையாது, ப்ராஸடியிலும் எல்லோரும் புதுக் கணக்கு தொடங்குவதற்குச் சமமான வேலை. ‘டெஸ்ட்’ என்று தொடங்கும் ஒரு தற்காலிகப் பெயரில் ஆட்களைச் சேர்க்க ஆரம்பிக்காதீர்கள். டொமைனைத் துறையின் பெயரிலோ குழுவின் பெயரிலோ வாங்கி, புதுப்பிக்கும் பொறுப்பை அடுத்த வருடமும் அங்கேயே இருக்கப்போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அதற்கு அப்புறம் சர்வரைக் கிளப்புங்கள்.